முதல் பெஞ்சில் இல்லாதவள்

ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஜோவிதா வகுப்புக்கு வரவில்லை. கேரல் மேடத்தின் மேஜையிலிருந்து இரண்டடி தூரத்தில், முதல் பெஞ்சில், தினமும் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நான்கு மணிவரை உட்கார்ந்துகொண்டே வராமல் இருந்தாள்.

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் வருகைப் பதிவேடு சொல்கிறது. இருபத்திரண்டு வேலை நாள், இருபத்திரண்டு ஆப்சென்ட்.

எங்கள் துறையின் பெயர் சமூகப் பராமரிப்பு, காதுகேளாதோர் பண்பாடு மற்றும் சைகைமொழி முதுகலைத் துறை. பெயர்ப்பலகை வாசலைவிட அகலமாகப் போய்விட்டதால் பக்கத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நான் இதில் சேர்ந்தது தொண்டு உள்ளத்தால் அல்ல. வெறும் சமூகப்பணி படிக்கத்தான் போனேன். கவுன்ட்டரில் இருந்தவர், "அது ஃபுல் ஆயித்தும்மா. இந்த சைகை பாஷை சேர்ந்ததுல ரெண்டு சீட் இருக்கு. சீக்கிரம் சொல்லு, பின்னாடி க்யூ நிக்குது" என்றார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். கிடைத்த சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும், பிறகுதான் அது எந்த பஸ் என்று பார்க்க வேண்டும். அப்படித்தான் சேர்ந்தேன்.

எனக்கு முன்னால் க்யூவில் நின்றவளுக்குப் பதினோராம் எண், எனக்குப் பன்னிரண்டு. அந்தப் பதினொன்றுதான் ஜோவிதா. காக்ஸ் டவுன்காரி. எங்கள் ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு ஸ்டாப். பிறந்ததிலிருந்து காது கேட்காது. காதுகேளாதோர் துறையில் சேர்ந்த ஒரே காதுகேளாதவள் அவள் என்பதால் இரண்டாவது வாரமே படம் எடுத்துத் துறையின் கையேட்டு அட்டையில் போட்டுவிட்டார்கள். அட்டையில் அவள் இருந்தாள். பதிவேட்டில்தான் இல்லை.

மற்றப் பத்துப் பேரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஆங்கிலம் பேசுகிற நல்ல வீட்டுப் பிள்ளைகள். என்னை ஒருநாளும் திட்டியதில்லை. கூப்பிட்டதும் இல்லை. மதியம் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போவேன். அங்கே ஏற்கனவே ஜோவிதா உட்கார்ந்திருப்பாள். முதல் வாரம் இருவரும் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டோம். இரண்டாவது வாரம் அவள் என் புளிச்சோற்றைக் காட்டி, கட்டைவிரலைத் தூக்கினாள். அங்கேதான் எனக்குச் சைகைமொழி தொடங்கியது.

துறையிலும் கற்றுக்கொடுத்தார்கள். சைகைமொழி ஆய்வுக்கூடம் என்று ஒன்று உண்டு. மொழி ஆய்வுக்கூடம் என்றால் இருபத்து நான்கு ஹெட்போன் இருக்க வேண்டும் என்று எங்கேயோ விதி இருந்ததால் இருபத்து நான்கு ஹெட்போன் வாங்கியிருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே உட்கார வேண்டும். "உங்கள் வலது கையை நெஞ்சருகே கொண்டு வரவும்" என்று ஓர் ஆண்குரல் காதுக்குள் சொல்லும். ஜோவிதாவும் மாட்டிக்கொள்வாள். மாட்டாவிட்டால் உபகரணத்தைப் பயன்படுத்த மறுத்ததாக எழுதிவிடுவார்கள். அவள் ஹெட்போனோடு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறவர்கள் பாட்டுக் கேட்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

துறைத்தலைவர் டாக்டர் ஆதிகேசவன் பண்பாட்டுத் தாளை நடத்தினார். பெயர்ச் சைகை என்ற பாடம். "காதுகேளாதோர் பண்பாட்டில் இது ரொம்ப முக்கியம்மா. ஒருத்தர் தனக்குத் தானே பேர் வெச்சிக்கக் கூடாது. அவங்க சமுதாயம்தான் நம்ம குணத்தப் பாத்து ஒரு சைகை வெக்கணும். மனசார வெக்கணும். ஆகவே செகண்ட் செமஸ்டர்ல ஆபீஸ் ஒதுக்கும். ஃபார்ம்ல மூணு சாய்ஸ் குடுங்க." ஜோவிதா கையைத் தூக்கினாள். சார் அவளைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

இப்போது வருகைக்கு வருகிறேன். போன வருடம் பொறியியல் பக்கம் எவனோ இரண்டு கையையும் தூக்கி இரண்டு பேருக்கு வருகை வாங்கிவிட்டானாம். பதிவாளர் சுற்றறிக்கை அனுப்பினார். 'கை உயர்த்துதல் வருகையாகாது. கை யாருடையது எனக் கண்டறிதல் கடினம். குரல் ஒவ்வொருவருக்கும் தனித்தன்மை உடையது. எனவே வருகை குரலால் மட்டுமே.' எழுபத்தைந்து சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது.

கேரல் மேடம் நல்லவர். தினமும் "லெவன்" என்று கூப்பிடுவார். ஜோவிதாவைப் பார்த்துப் புன்னகைப்பார். அவளும் புன்னகைத்துக் கையைத் தூக்குவாள். மேடம் ஆப்சென்ட் போடுவார்.

"மேம், அவ இங்கதானே இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா மா? கண்ணெதிர்ல உக்காந்திருக்கா. ஸ்வீட் கேர்ள். ஆனா நான் பாத்தா செல்லாது. நான் கேக்கணும்."

"அவளுக்கு நீங்க கூப்பிடறதே கேக்காதே மேம்."

"அதையேதான் நானும் சொல்றேன். எவ்ளோ சத்தமா கூப்பிட்டுப் பாத்துட்டேன் தெரியுமா?"

உண்மைதான். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்திருந்தது.

ஜோவிதா மனு எழுதினாள். மூன்று பக்கம், அழகான கையெழுத்து. நான் வகுப்பில் இருக்கிறேன், என் கையை வருகையாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. பத்து நாளில் பதில் வந்தது. 'தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. காதுகேளாத மாணவர்கள் வருகையின்போது உள்ளேன் எனக் கூறுவதற்குப் பல்கலைக்கழகம் எந்தத் தடையும் விதிக்கவில்லை.' அவள் படித்துவிட்டு மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாள் இன்னொரு மனு எழுதினாள்.

முதல் பெஞ்சில் அவள் பக்கத்தில்தான் நானும் உட்காருவேன். நான் என்ன செய்தேன் என்றால், செப்டம்பர் முதல் தேதி மேடம் "லெவன்" என்றபோது "பிரெசென்ட் மேம்" என்றேன். மேடம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், ஜோவிதாவைப் பார்த்தார், பி போட்டார். "ட்வெல்வ்" என்றார். மறுபடி "பிரெசென்ட் மேம்" என்றேன். முதலில் சொன்னது கொஞ்சம் மெல்லிய குரல், கான்வென்ட் உச்சரிப்பு. அப்படிப் பேச வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. எனக்கு வராத குரல் அவளுக்கென்றால் வந்தது.

ஜோவிதாவிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். மாதக் கடைசியில் நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள். பதினோராம் எண்ணுக்கு நூறு சதவீதம். அவள் விரலை வைத்து வரியைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பிப் பார்த்து, காரிடார் என்றுகூடப் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்டாள். 'ரெண்டாவது மனுவை ஒத்துக்கிட்டாங்க!' என்றாள் கையால். 'பாத்தியா? விடாம எழுதினா கேப்பாங்க!'

அன்று மாடிப்படியில் எனக்குப் பெயர் வைத்தாள். முஷ்டியைத் தாடையில் வைத்து ஒரு சின்னத் திருகு. நான் கோபத்தையெல்லாம் பல்லுக்குள் வைத்து அரைக்கிறேனாம். நான்கு தடவை செய்து காட்டினாள். நானும் செய்தேன். சரியாக வந்ததும் கையைத் தட்டிச் சிரித்தாள்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக என்னைப் பார்த்து அப்படி யாரும் சிரித்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். கையையும்.

நவம்பரில் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று பேர், மூவருக்கும் சால்வை. வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து வருகை எடுப்பதைப் பார்வையிட்டார்கள். மேடம் பதிவேட்டைத் திறந்தார். "லெவன்." நான் வழக்கம்போல் சொன்னேன். பின்னாலிருந்து பார்த்தால் முதல் பெஞ்சில் இரண்டு ஜடை தெரியும், எந்த ஜடைக்கு முன்னால் வாய் அசைந்தது என்று தெரியாது. குழுவின் தலைவர் கையேட்டைப் புரட்டினார். அட்டைப்படத்தைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.

"டாக்டர், லெவன் காது கேளாத பொண்ணுதானே?"

"ஆமா சார், பை பர்த்."

"இப்ப பேசிச்சே?"

ஆதிகேசவன் சார் ஒரே ஒரு விநாடிதான் விழித்தார். "எங்க பயிற்சிமுறை சார்" என்று தலை குனிந்தார். பணிவு என்றால் அதுதான் பணிவு.

மறுநாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நேத்து லெவன் சொன்னது யாரு?"

"நான்தான் சார்."

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"கேரல் மேடத்துக்கு."

"மேடத்துக்குத் தெரியாது. நான் கேட்டுட்டேன்."

"அப்ப யாருக்கும் தெரியாது சார்."

"உனக்கும் தெரியாதும்மா" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினாறு வருஷமா இவங்களுக்காக ஓடறேன். எத்தனை மேடையில பேசியிருக்கேன் தெரியுமா? இன்னிவரைக்கும் அவங்க தரப்புல இருந்து ஒருத்தர்கூட எழுந்து தப்புன்னு சொன்னதில்ல. அவ்ளோ நம்பிக்கை. அத நாம கெடுக்கலாமா?"

டிசம்பரில் சைகைமொழி வார நிறைவு விழா நடந்தது. வாரம் செப்டம்பரில்தான் வரும். சிறப்பு விருந்தினருக்கு டிசம்பரில்தான் நேரம் கிடைத்தது. ஜோவிதாவுக்கு விருது என்று கடிதம் வந்திருந்தது. மனுவுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பச்சைப் பட்டுப்பாவாடை மாதிரி ஏதோ ஒரு நீளச் சட்டை, காதில் புதுத் தோடு. அரங்கத்துக்குள் நுழைந்தோம். மேடைக்குப் பின்னால் பேனர். அவளுடைய அட்டைப்படம். கீழே கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஆளுயர எழுத்து: 'இவள் பேசினாள்!'

படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். என் பக்கம் திரும்பினாள்.

'யார் பேசினது?'

நான் என்னைக் காட்டினேன்.

'எப்பலேர்ந்து?'

'செப்டம்பர்.'

'அப்ப என் மனு?'

இல்லை என்பதற்கான சைகை சின்னது. ஒரு கை போதும். செய்தேன்.

அவள் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, என் பெயரை எழுத்து எழுத்தாக விரலில் எழுதினாள். வி, ஐ, ஜே, ஐ. பெயர்ச் சைகை இல்லாதவர்களை அப்படித்தான் எழுதுவார்கள். வங்கி மேனேஜரை, பதிவாளரை, ஊர் பேர் தெரியாதவர்களை. பிறகு ஒரு கேள்வி கேட்டாள்.

'நான் எப்ப உன்கிட்ட கேட்டேன்?'

மேடைக்குக் கூப்பிட்டார்கள். யாரோ தோளைத் தொட்டு அனுப்பி வைத்தார்கள். சால்வை போட்டார்கள். ஆதிகேசவன் சார் மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார். ஜோவிதா மைக்கைப் பார்க்கவில்லை. வலது கையைத் தூக்கினாள். தலைக்கு மேலே, நேராக, ஆகஸ்ட் மாதம் முழுவதும் மேடத்துக்கு முன்னால் தூக்கியதுபோல. அப்படியே நின்றாள்.

"நன்றி சொல்றாங்க" என்றார் சார் மைக்கில்.

சிறப்பு விருந்தினர் மரியாதைக்குத் தன் கையைத் தூக்கினார். குழுத் தலைவர் தூக்கினார். அரங்கம் முழுக்க ஐந்நூறு கை. உறுதிமொழி போலிருக்கிறது என்று நினைத்து ஒருவர் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கேமராக்காரர் ஓடி ஓடிப் படம் எடுத்தார். நான் மட்டும் தூக்கவில்லை. எனக்குத் தகுதி இல்லை.

திங்கட்கிழமை ஜோவிதா மூன்றாவது மனு கொடுத்தாள். ஒரே பக்கம். 'அந்தக் குரல் என்னுடையது அல்ல. அதை நீக்கவும். நான் எல்லா நாளும் வந்திருந்தேன். அதைப் பதியவும்.'

மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டார்கள். ஆள்மாறாட்டம். நான் குற்றம் சாட்டப்பட்டவள், ஜோவிதா பயனடைந்தவள். சைகைமொழிச் சான்றிதழ் உள்ள ஒரே ஆள் என்பதால் ஆதிகேசவன் சாரே மொழிபெயர்ப்பாளர்.

ஜோவிதா இரண்டு நிமிடம் கையால் சொன்னாள். அவள் விரல்கள் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

"வணக்கம் சொல்றாங்க" என்றார் சார்.

இன்னும் மூன்று நிமிடம் சொன்னாள். நடுவில் ஹெட்போன் வந்தது, அட்டைப்படம் வந்தது, 'பொய்' மூன்று தடவை வந்தது.

"நிறுவனத்து மேல ரொம்ப மரியாதை வெச்சிருக்காங்க."

"சார், அவ அப்படிச் சொல்லல!" என்று எழுந்தேன்.

குழுத் தலைவி கையமர்த்தினார். "குற்றம் சாட்டப்பட்டவங்க மொழிபெயர்க்கறதுக்கு ரூல்ஸ்ல எடமில்ல. உக்காரும்மா."

ஜோவிதா பேனாவை எடுத்து எழுதி நீட்டினாள். தலைவி அதை வாங்கவில்லை. "இது வாய்மொழி விசாரணை. எழுத்துல எடுத்துக்க முடியாது. அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க டாக்டர்." சார் ஜோவிதாவைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

தீர்ப்பு ஜனவரியில் வந்தது. பதினோராம் எண்ணின் வருகை முழுவதும் ரத்து. ஆனால் அவள் பேசிய சாதனை ஏற்கனவே தரமதிப்பீட்டு அறிக்கையில் சேர்ந்து மதிப்பெண்ணும் வந்துவிட்டதால் அது ரத்து செய்யப்படவில்லை. ஆக, ஒருநாளும் வகுப்புக்கு வராத ஜோவிதா அந்த வகுப்பில்தான் பேசக் கற்றுக்கொண்டாள். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் இரண்டும் இருக்கின்றன, ஒரே பக்கத்தில்.

அவளுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. எனக்கு வந்தது. ஒரு மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். அழகாகவே எழுதினேன். பரீட்சையும் எழுதினேன். காதுகேளாதோர் உரிமைகள் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. பத்துக்கு ஒன்பது.

ஜோவிதா படிப்பை விடுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பிப்ரவரியில் இரண்டாம் செமஸ்டர் தொடங்கியபோது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். அவள் எனக்கு முந்தைய பஸ்ஸில் வந்தாள். மாடிப்படியில் இப்போது யாரும் இல்லை. இரண்டு நாள் அங்கே தனியாகச் சாப்பிட்டுப் பார்த்தேன். படி சில்லென்று இருந்தது. பிறகு பஸ் ஸ்டாப்பில் சாப்பிட்டேன்.

முன்பெல்லாம் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கையால் பேசிப் பழகுவேன். ஒன்றரை அறை வீட்டில் நான்கு பேர், ஒரு டிவி, எல்லோரும் கத்துவார்கள், நான் மட்டும் கண்ணாடியோடு. அம்மா லட்சுமம்மா ஒரு அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங். ஒருநாள் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"ஏண்டி, இப்பல்லாம் கைய ஆட்டி ஆட்டிப் பேசறதே இல்ல? பாஸ் பண்ணிட்டா மறந்துடணுமா?"

"பேச ஆள் இல்லம்மா."

"அந்தக் காக்ஸ் டவுன் பொண்ணு?"

"சண்டை."

"போயி ஒரு வார்த்தை பேசு. என்னா கொறஞ்சி போயிடும்?"

"நான் பேசினதுதாம்மா சண்டையே."

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

பிப்ரவரி பத்தாம் தேதி. கேரல் மேடம் "லெவன்" என்றார். ஜோவிதா கையைத் தூக்கினாள். ஆப்சென்ட். "ட்வெல்வ்" என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"விஜி?"

வாயைத் திறக்கவில்லை.

"விளையாடாதே மா. உனக்குத்தான் வாய் இருக்கே."

கையை இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

"ஆப்சென்ட் போட்டுடுவேன். அப்புறம் ஹால் டிக்கெட் வரலன்னு என்கிட்ட வரக் கூடாது. உங்க வீட்ல நீதான் மொதல்ல படிக்கறேன்னு சொன்னே இல்ல? யோசிச்சுக்கோ."

யோசித்தேன். சோற்றைத் தள்ளிய கையை யோசித்தேன். தாடை வலிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டேன். மேடம் ஆப்சென்ட் போட்டார். அதுவரை என்னைப் பார்க்காத பத்துப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜோவிதா திரும்பவில்லை. அவளுக்குப் பின்னால் நடப்பது அவளுக்குத் தெரிய வழியில்லை.

முன் பெஞ்சுக்குப் போய் அவள் கண்ணெதிரே தூக்கியிருக்கலாம். செய்யவில்லை. அவளைக் கேட்காமல் அவளுக்காக ஒன்று செய்து பார்த்தாயிற்று. இனிமேல் காட்டுவதற்கென்று ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது. தினமும் கடைசி பெஞ்சில் கையைத் தூக்கினேன். தினமும் வராமல் போனேன்.

மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். வகுப்பு விட்டதும் ஜோவிதா நோட்டீஸ் போர்டுக்குப் போனாள். தனக்கு என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தாலும் போவாள். நான் தூரத்தில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன். அவள் விரல் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்கியது. பதினொன்றில் நின்றது. பூஜ்யம். விரலை எடுக்கப் போனாள். எடுக்கவில்லை. ஒரு வரி கீழே இறங்கினாள்.

அங்கே ரொம்ப நேரம் நின்றாள்.

பிறகு திரும்பி, காரிடாரில் போகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து யாரையோ தேடினாள். நான் கையைத் தூக்கினேன்.